இடப்பக்கம் பார்க்காத வீரர்கள்

சென்ற மாதம் இம்ரான் பெங்களூரிலிருந்து போன் செய்தான். வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அவன் இப்போது நல்ல பொறுப்பில் இருக்கிறான். திரையில் ஓடுகிற ஆட்டக்காரன் எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்கவில்லை என்பதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடுகிறதாம்.

"நாங்க அதை ஆம்பூர்ல, தோல் காயப்போடற களத்துல நின்னு பண்ணோம்டான்னு சொன்னா, இங்க இருக்கற பசங்க சிரிக்கிறானுங்கக்கா. நீங்க எழுதிக் குடுங்க" என்றான்.

"நீயே எழுதேன்டா. வாய் ஓயாம பேசறவன் நீதான?"

"நான் எழுதினா கதை உடறேன்னுவானுங்க. நீங்க எழுதினா நம்புவானுங்க. பொய் சொல்றதுக்கெல்லாம் உங்களுக்குத் தைரியம் பத்தாது."

அது உண்மைதான். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் இருக்கும் அறைக்குள் நுழைவதற்கே எனக்கு ஒரு மூச்சு தேவைப்படும். பத்தாவது வரை படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். தொண்ணூறுகள் முழுவதும் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்தேன், ஒட்டினேன், மடித்தேன். தையல் மிஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்களில் ஆர்டர் குறைந்து அந்த யூனிட்டை மூடினார்கள். முதலாளியின் இளைய மகன் அப்போதுதான் அமெரிக்காவில் படிப்பை முடித்துத் திரும்பியிருந்தார். எல்லோரும் அவரைச் சின்ன பாய் என்போம். அவருடன் படித்த டேன் என்பவர் அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் விளையாட்டை வீடியோ கேமாகச் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தார். அவர்களுக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது. பொறுமையாக உட்கார்ந்து வீடியோவைப் பார்த்துக் குறி போட வேண்டும். இங்கிலீஷ் பெரிதாக வேண்டாம், கண் இருந்தால் போதும் என்று சின்ன பாய் சொன்னார். மூடிய யூனிட்டின் மாடியில் மேஜைகளைப் போட்டு, ஷூ கம்பெனியில் இருந்தவர்களிலேயே சிலரைத் திரும்பக் கூப்பிட்டார். நானும் என் பக்கத்து மிஷினில் தைத்த பர்வீனும் போனோம். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்த இம்ரான் புதிதாகச் சேர்ந்தான்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். பந்தும் உருண்டையாக இல்லை, நுனி கூர்ந்து மாங்காய் மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் பதினொரு பேர், அந்தப் பக்கம் பதினொரு பேர். சில நொடிகள் முட்டி மோதி ஓடுவார்கள், நின்றுவிடுவார்கள், மறுபடி வரிசை கட்டுவார்கள்.

"கபடில ஒருத்தன் பாடினு வருவான். இங்க பதினொரு பேரும் பாடினு வர்றானுங்க" என்று இம்ரான் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் ஆட்டத்தைக் கற்றோம்.

வேலை என்ன என்பதைச் சின்ன பாய் முதல் நாள் பழைய கேமைப் போட்டுக் காட்டி விளக்கினார். திரையில் ஒருவன் பந்துக்கு முதுகைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தான். பந்து அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான நேரத்தில் எகிறிக் கையை நீட்டித் தட்டிவிட்டான்.

"முதுகுல கண்ணு வெச்சினுகீறானா இவன்?" என்றாள் பர்வீன்.

"அதேதான் வாங்கறவங்க எல்லாரும் கேக்கறாங்க" என்றார் சின்ன பாய். பந்து எங்கே இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்கு எப்போதும் தெரியும். ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர்தான் மூளை என்பதால், அவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. நிஜ ஆட்டத்தில் பாதிப் பேர் பந்து எங்கே என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். எந்த இடத்தில் எவனுக்கு எது தெரியாது என்பதை நாங்கள் கண்டு சொல்ல வேண்டும். டேன் அதை வைத்துத் தன் கேமில் ஓடும் ஆட்களுக்கு வேண்டிய அளவு அறியாமையைக் கொடுப்பார்.

இந்த வேலைக்கு மேற்பார்வையாளராக வந்தவர் ஆசீர் சார். ஷூ கம்பெனியில் பல வருடங்கள் தரம் பார்த்தவர். ஒல்லியான மனிதர். தோலில் கோடு போடும் சில்வர் பேனா ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஒரு துண்டில் குறை இருந்தால் மற்றவர்கள் முன்பக்கத்திலேயே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளுவார்கள். இவர் அதைத் திருப்பி, உள்பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். தைத்தவரிடம் வந்து, "இதை வெளிச்சத்துல ஒரு வாட்டி பார்க்கலாமாம்மா?" என்று ஜன்னலருகே கூட்டிப் போவார். அங்கே போனால் குறை நமக்கே தெரிந்துவிடும். அவர் வாயால் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் மேஜைமேல் வைத்துத்தான் பார்த்தோம். கீழே கிடங்கில் ஷூ செய்ய உதவும் பிளாஸ்டிக் பாத அச்சுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வீடியோவை நிறுத்தி, எந்த ஆள் எங்கே நிற்கிறானோ அங்கே ஓர் அச்சை வைப்போம். அச்சுக்கு நுனி இருப்பதால் அவன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்பதும் தெரியும். ஆனால் கால் ஒரு பக்கம் ஓடும்போது தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும். அச்சுக்குத் தலை இல்லையே. வீடியோவோ உயரத்திலிருந்து எடுத்தது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிகிறது. கீழே நிற்கிறவனுக்கு என்ன தெரியும் என்று மேலிருந்து சொல்ல முடியவில்லை.

இரண்டு வாரம் இதோடு மல்லாடிய பிறகு ஆசீர் சார், "கீழ போய் நின்னு பார்த்துடலாம்" என்றார்.

கட்டடத்துக்குப் பின்னால் முன்பு தோல் காயப்போட்ட களம் இருந்தது. சுண்ணாம்பால் கோடு போட்டோம். வெட்டித் தள்ளிய தோலில் பர்வீன் ஒரு பந்து தைத்தாள். பஞ்சு அடைத்து, நுனி கூராக, பார்க்க நன்றாகவே இருந்தது. எறிந்தால்தான் கல் மாதிரி விழும். இருபத்திரண்டு பேருக்கு நாங்கள் பாதிகூட இல்லை. மீதி இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வைத்தோம். ஆட்டக்காரர்கள் தலைக்கவசம் போட்டிருப்பதால் பைக் ஹெல்மெட்டுகளைச் சேகரித்து நாங்களும் மாட்டிக்கொண்டோம். பர்வீன் முக்காட்டின் மேல் ஹெல்மெட் போட்டாள். எனக்குச் சடை இடித்தது.

நாங்கள் யார் யாருடைய இடத்தில் நிற்பது என்பதையும் சார் நிலையாக வைத்துவிட்டார். ஒருவரே ஒரு இடத்தைத் தொடர்ந்து பார்த்தால் பழகிவிடும் என்பது அவர் எண்ணம். எதிரணி ஓடிவரும்போது நடுவில் நின்று யாரைத் தடுப்பது என்று முடிவு செய்கிற ஒருவன் இருப்பான். அந்த நடுத் தடுப்புக்காரன் இடத்தை எனக்குக் கொடுத்தார். நான் அசையாமல் நிற்பேன் என்பதுதான் காரணம்.

வேலை இப்படி நடக்கும். வீடியோவில் அந்தச் சில நொடிகளை எல்லோரும் பார்ப்போம். களத்தில் மெதுவாக நடந்து காட்டுவோம். சார் கை தட்டினால் அப்படியே நின்றுவிட வேண்டும். தலையை வீடியோவில் இருப்பதுபோல் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, எங்கெங்கே என்ன அசைவது தெரிகிறது என்று ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கண்ணை உருட்டக் கூடாது. ஒருவர் எழுதிக்கொள்வார். பிறகு மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரில் குறி போடுவோம்.

சத்தமாகச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "கோமதிக்கா, ஹெல்மெட்டுக்கு மட்டும் சொல்றீங்களா, எங்களுக்கும் சொல்லுவீங்களா?" என்று இம்ரான் கத்துவான். நாளாக நாளாக என் குரல் களத்தின் மறுகோடி வரை போனது. என் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்தார். "நீ இன்னா இப்பல்லாம் வூட்லயும் கத்தற?" என்று அவரே கேட்டார்.

பக்கத்து மாடியில் ஓர் அம்மா மிளகாய் காயப்போட வருவார். ஹெல்மெட்டோடு நாற்காலிகளுக்கு நடுவே நாங்கள் சிலையாக நிற்பதைத் தினமும் பார்ப்பார். ஒரு நாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, ஷூ கம்பெனிய மூடிட்டா இப்டி ஆய்டுமா?"

ஆசீர் சார் மேலே பார்த்துக் கும்பிட்டு, "ஆமாம்மா, கொஞ்ச நாளைக்கு இருக்கும்" என்றார்.

பார்ப்பதும் தெரிந்திருப்பதும் ஒன்றா என்று ஒரு நாள் பெரிய சண்டை. ஆட்டக்காரன் பந்தைப் பார்க்கவில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும் என்று பர்வீன் குறி போட்டிருந்தாள். பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும் என்று இம்ரான் விடவில்லை. சார் இருவரையும் பேசவிட்டுக் காத்திருந்தார். கீழே இருந்த கடையில் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள் போலிருக்கிறது, வாசனை மாடிக்கு ஏறியது.

"இம்ரான், கீழ இன்னா ஆவுது?" என்றார் சார்.

"தேக்சா தொறந்துட்டாங்க சார்."

"பார்த்தியா?"

இம்ரான் தலையைச் சொறிந்தான். அன்றிலிருந்து கண்டான், கேட்டான், ஊகித்தான், தெரியாது என்று தனித்தனிக் குறிகள் வந்தன. டேனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது என்று சின்ன பாய் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் பிறந்த விதி என்பதை அவர் டேனிடம் சொன்னாரா என்று தெரியாது.

சில மாதங்கள் சந்தோஷமாகப் போயின. எங்கள் குறிகளை வைத்து டேன் தன் ஆட்களைத் திருத்தி, கேமை ஆடிப் பார்க்கச் சிலரிடம் கொடுத்தார். அப்போதுதான் அந்தப் புகார் வந்தது. சின்ன பாய் மாடியில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துத் திரையில் ஓட்டிக் காட்டினார்.

ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு ஓடிவந்தான். நடுத் தடுப்புக்காரன் அவனுக்காகவே நின்றான். ஓடிவந்தவன் தடுப்புக்காரனின் இடது தோளுக்கு அருகே, கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் தாண்டிப் போனான். தடுப்புக்காரன் நேரே பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும்.

"அங்க ஆடிப் பார்க்கறவங்க எல்லாம் இப்ப அந்தப் பக்கமா ஓடியே ஜெயிக்கறாங்களாம். எல்லா டீம்லயும் அந்த ஆளு இடப்பக்கம் பார்க்கவே மாட்றானாம்" என்றார் சின்ன பாய்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. அந்த இடத்தில் நின்றது நான் ஒருத்திதான்.

"அக்கா நின்னுகினே தூங்கறாங்க போல" என்றான் இம்ரான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். நான் கீழே குனிந்துகொண்டேன். ஒழுங்காகத்தானே பார்த்தேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆசீர் சாருக்குத் தரம் பார்ப்பதில் ஒரு வழிமுறை உண்டு. ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் முதலில் சரக்கைப் பார்க்க வேண்டும், அடுத்து மிஷினை, கடைசியில்தான் ஆளை. மறுநாள் காலை எங்களைக் களத்துக்கு அழைத்து அதே வரிசையில் தொடங்கினார்.

சரக்கு என்பது வீடியோ. புகார் வந்த துண்டுகளை மறுபடி ஓட்டினார். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் எங்களுக்குள் மாறுபாடு இல்லை. அடுத்தது மிஷின். எனக்கு வழக்கமாக வரும் சிவப்பு ஹெல்மெட்டின் கண்ணாடியில் இடப்பக்கம் ஒரு கீறல் இருந்தது. "இதா இருக்கும்" என்று பர்வீன் ஆவலாகச் சொன்னாள். தன் ஹெல்மெட்டைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். இம்ரான் பந்தோடு என் இடப்பக்கமாக நடந்தான். எதுவும் தெரிவதாக நான் சொல்லவில்லை. சிவப்பு ஹெல்மெட்டைப் பர்வீன் போட்டுக்கொண்டு நின்றாள். இம்ரான் நடந்தான். அவன் தன் தோளருகே வந்ததுமே சொல்லிவிட்டாள். ஹெல்மெட்டே இல்லாமல் என்னை நிற்கவைத்தார். வெயில் என் இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறதோ என்று என்னை எதிர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். இம்ரான் நடந்துகொண்டே இருந்தான். அவன் இப்போது சிரிக்கவில்லை.

சார் சட்டைப் பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்தார்.

"கோமதிம்மா, அந்த வேப்பமரத்தையே பாரு. இந்தப் பேனா எப்பத் தெரியுதோ அப்ப சொல்லு. அவசரமே இல்ல."

என் வலப்பக்கம் காதுக்குப் பின்னாலிருந்து பேனாவை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். காதைத் தாண்டியதும் சொன்னேன். பிறகு இடப்பக்கம் போனார். நான் வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றேன். மிளகாய் காயப்போட வந்த அம்மாகூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா இன்னும் வரவில்லையே, சார் ஏன் தொடங்காமல் இருக்கிறார் என்று நினைத்தேன். திடீரென்று முகத்துக்கு முன்னால் வெள்ளிப் பளபளப்பு தெரிந்தது.

"இப்பத் தெரியுது சார்."

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். பேனா என் மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருந்தது என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வலது கண்ணைக் கையால மூடிக்கம்மா" என்றார் சார். மூடினேன். களம் போய்விட்டது. வேப்பமரத்தின் நடுவில் ஒரு கொத்து இலை மட்டும், ஒரு குழாயின் மறுமுனையில் இருப்பதுபோல மங்கலாகத் தெரிந்தது. கையை எடுத்தேன். எல்லாம் திரும்ப வந்தது. மறுபடி மூடினேன். எத்தனை காலமாக அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்க்க யாருக்கு என்ன அவசியம் வருகிறது?

சார் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எல்லாரும் டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். நாங்கள் இருவரும் மட்டும் நின்றோம். "என் வீட்டம்மா வேலூர்ல கண்ணு வார்டுலதான் நர்ஸா இருக்காங்க. நாளைக்கே போய்ட்டு வந்துடலாம். உன் வீட்டுக்காரருக்கு நான் போன் பண்ணட்டுமா, நீ சொல்லிடுவியா?" என்றார்.

மறுநாள் வேலூரில் டாக்டரம்மா கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்கு ஏதாவது மருந்து போடுவதுண்டா என்று கேட்டார். நான் பையிலிருந்து அந்தச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். ஷூ கம்பெனியில் ஒரு முறை ஒட்டும் சொல்யூஷன் என் இடது கண்ணில் தெறித்துவிட்டது. அதிலிருந்து எரிச்சலும் சிவப்பும் அடிக்கடி வரும். இந்த மருந்தை ஒரு சொட்டு விட்டால் குளுகுளுவென்று அடங்கிவிடும். வருடக்கணக்கில் இடது கண்ணுக்கு மட்டும் விட்டேன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிறகு இரண்டு கண்ணும் எரிந்ததால் வலது கண்ணுக்கும் விட ஆரம்பித்திருந்தேன்.

"யார் எழுதிக் குடுத்தது இது?"

"முதல்ல ஒரு டாக்டர் குடுத்தாரு. அப்புறம் மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க."

அவர் குப்பியைத் திருப்பித் தரவில்லை. மேஜை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். விடாமல் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும், வலிக்காது, தெரியாது என்று விளக்கினார். "இடது கண்ல போனது திரும்பாது. வலது கண்ல இப்பதான் தொட்டிருக்கு. அதைக் காப்பாத்திடலாம். நீங்க இன்னும் கொஞ்ச காலம் இதையே ரெண்டு கண்ணுக்கும் போட்டுனு இருந்திருந்தா நான் இதைச் சொல்லியிருக்க முடியாது."

பிறகு ஆசீர் சாரைப் பார்த்து, "இவங்களுக்கே தெரியாதப்ப நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

சார் கொஞ்சம் நெளிந்தார். "வீடியோ கேம்ல ஒரு ஆளு இடப்பக்கம் பார்க்கல டாக்டர். அதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பின்னாலிருந்த சாரின் மனைவி, "இவர் எப்பவும் இப்படித்தான் டாக்டர், நீங்க எழுதுங்க" என்றார்.

வீட்டுக்காரர் அன்றிரவு ஒன்றுதான் சொன்னார். "கண்ணுதான் முக்கியம். வேலைய உட்ரு." கண் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு அந்தக் களமும் எனக்கு முக்கியமாகியிருந்தது. என் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக நாலு பேர் காத்திருந்து எழுதிக்கொண்டது வேறு எங்கே நடந்தது? ஆனால் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் பாதி பார்க்காமல் இருந்திருக்கிறேன். நான் குறி போட்ட அத்தனையும் வீண் என்று நினைத்தேன். அவர்களாகப் போகச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

அன்று காலையில் டேன் போனில் வந்தார். அவருக்கு அது மாலை. ஸ்பீக்கரில் போட்டு, சின்ன பாய், ஆசீர் சார், நான் மூவரும் உட்கார்ந்தோம். சின்ன பாய் நடந்ததைச் சொன்னார். பிறகு டேன் ஏதோ கேட்டார்.

"கண்ணு இப்ப எப்படி இருக்குன்னு கேக்கறான்" என்றார் சின்ன பாய்.

"வலது கண்ணைக் காப்பாத்திடலாம்னாங்க" என்றேன். "நான் போட்டதெல்லாம் அழிச்சிடச் சொல்லுங்க. நான் வேலைய உட்டு நின்னுக்கறேன்."

நான் வேலையை விடுவதாகச் சொன்னதை மட்டும் சின்ன பாய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். டேன் நிறையப் பேசினார். ஆமாம், பெரும்பாலானவற்றை அழித்து வேறு ஆள் நின்று மறுபடி செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை என்றார். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார். சின்ன பாய் என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா இடப்பக்கம் தெரியாம நீங்க ரோட்ல எப்படி நடந்தீங்க, ஒரு வாட்டிகூட இடிச்சுக்கலையான்னு கேக்கறான்."

நான் யோசித்தேன். இடித்துக்கொண்டதாக நினைவில்லை. சுவர் இருந்தால் இடப்பக்கம் வரும்படி நடப்பேன். மாடியில்கூட இடது கையோரம் சுவர் உள்ள மூலை மேஜையைத்தான் எடுத்திருந்தேன். கூச்சத்தால் என்று நானே நினைத்திருந்தேன். பஜாரில் பர்வீனோடு போனால் அவளை இடப்பக்கம் விடுவேன். தனியாகப் போனால் அடிக்கொரு தரம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். இதையெல்லாம் தெரிந்து செய்யவில்லை. களத்தில் மட்டும்தான் சார் தலையைத் திருப்பக் கூடாது என்று நிறுத்திவைத்திருந்தார். அதனால்தான் அங்கே மாட்டிக்கொண்டேன்.

இதை நான் சொல்லச் சொல்லச் சின்ன பாய் மொழிபெயர்த்தார். நான் அத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசி அவர் கேட்டது அதுதான் முதல் முறை.

டேன் சொன்னது இதுதான். ஒரே அளவு பார்வையை எல்லோருக்கும் கொடுத்தால் சரியாக வராது என்று அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. ஆளுக்கு ஆள் மாற்றி வைக்கலாம் என்று திட்டமும் இருந்தது. ஆனால் பார்வை குறைந்தவன் அந்தக் குறையோடு சும்மா நின்றுகொண்டிருக்க மாட்டான், தெரியாத பக்கத்தை அவன்தான் அடிக்கடி பார்த்துக்கொள்வான் என்பதை அவர்கள் சேர்க்கவில்லை. என் குறிகளில் ஒரு சிறு பகுதியை, இடப்பக்கம் சரியாகத் தெரியாத ஒரு ஆட்டக்காரனை உருவாக்கத் தனியாக எடுத்து வைப்பதாகச் சொன்னார். அந்த ஆள் எப்போது தலையைத் திருப்பிப் பார்ப்பான் என்று நானே நின்று சொல்ல முடியுமா என்று கேட்டார்.

சின்ன பாய் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆசீர் சார், "நிப்பாங்க" என்று சொல்லிவிட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன்."

"நிக்கறேன் சார்" என்றேன்.

நடுத் தடுப்புக்காரன் இடத்துக்குப் பர்வீன் வந்தாள். பழைய குறிகளில் பாதிக்கும் மேல் அழித்து அவளும் இம்ரானும் திரும்பச் செய்தார்கள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான் தனியாக ஒரு ஆளுக்காக நின்றேன். இந்த முறை தலையைத் திருப்ப எனக்கு அனுமதி இருந்தது. எப்போது திருப்பத் தோன்றுகிறதோ அப்போது கையைத் தூக்க வேண்டும். யோசித்துத் தூக்கினால் சார் கண்டுபிடித்துவிடுவார். "இது நீயா திருப்பின மாதிரி இல்லம்மா, எனக்காகத் திருப்பின மாதிரி இருக்கு. வெளிச்சத்துல இன்னொரு வாட்டி பார்த்துடலாமா?" என்பார். களத்தில் வெளிச்சத்துக்கு என்ன குறை?

என் வலது கண் அங்கேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா கொடுத்த மருந்தை இன்றுவரை தவறாமல் விடுகிறேன். ஆபீஸ் சில வருடங்கள் நன்றாக நடந்தது. பிறகு அந்த வேலை மிஷினுக்குப் போனது. சின்ன பாய் யாரையும் சட்டென்று நிறுத்தவில்லை. எல்லோருக்கும் ஒரு வழி செய்துவிட்டுத்தான் மூடினார். நான் அவருடைய வேறொரு யூனிட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டேன். ஆசீர் சார் வேலூரில் மகனோடு இருக்கிறார்.

இம்ரானின் ஆபீஸ் பசங்களுக்கு இன்னும் ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கேம் முடிந்து டிஸ்க் வந்த அன்று சின்ன பாய் மாடியில் பெரிய டிவியில் போட்டார். அந்த ஆள் எந்த டீமில் இருக்கிறான் என்று டேன் முன்பே எழுதியிருந்தார். வயதான ஆட்டக்காரன், ஓய்வு பெறும் காலத்தில் இருப்பவன், இடப்பக்கப் பார்வை கம்மி. இம்ரான் அவனைத் தேடிப் பிடித்தான். தாடி வைத்த தடியன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் நின்ற இடத்திலேயே தலையை இடப்பக்கம் ஒரு முறை திருப்பினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி.

"கோமதிக்கா, உங்க தோஸ்த்" என்றான் இம்ரான். மாடியே சிரித்தது. தாடி வைத்த கோமதி என்று பர்வீன் சொல்ல, சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

இம்ரான் கையிலிருந்த கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான். அத்தனை காலம் வேலை செய்தும் நான் அதைத் தொட்டதே இல்லை. வேண்டாம் என்றேன். "ஆடுங்கக்கா, ஜாஸ்தி பேஜார் பண்ணாதீங்க" என்று கையில் திணித்தான். எந்தப் பட்டன் எதற்கு என்று பர்வீன் சொல்லிக் கொடுத்தாள். தாடிக்காரனுக்கு எதிர் டீமில் பந்தோடு ஓடுகிறவன் என் ஆள்.

எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பந்து கைக்கு வந்ததும் தாடிக்காரனின் இடது தோளை நோக்கி நேரே ஓட்டினேன். அவன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அந்த அறையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. தாண்டிவிட்டேன் என்றே நினைத்தேன். கடைசி அடியில் தாடிக்காரன் தலையைத் திருப்பினான். பார்த்தான். என் ஆளை இடுப்போடு கட்டித் தூக்கித் தரையில் அடித்தான்.

எல்லோரும் "ஐயோ" என்றார்கள். நான் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தேன்.